இடம் பெயரும் கட்டளைகள்

விஞ்ஞானப் பகுதி

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க நூலகத்தில் சில அன்பர்களோடு உரையாடிக்கொண்டிருந்தேன். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் பெண்ணொருத்தி, நம் உறுப்பினர் ஒருவரின் மகள், தன் மடிக்கணினியுடன் வந்து அருகில் அமர்ந்தாள்.

"மாமா, சி மொழியில் நான் எந்த நிரலை எழுதிக் கணினியின் மொழிக்கு மாற்றினாலும், ‘ஏ.அவுட்’ என்ற பெயருடைய கோப்பு ஒன்று வந்து நிற்கிறது. அப்பெயரை நான் சூட்டவில்லை. கல்லூரியில் கேட்டால், ‘அது அப்படித்தான்’ என்கிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?" என்று வினவினாள்.

‘அது அப்படித்தான்’ என்பது விடையாகாது. அவள் வினாவுக்குரிய விடை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அன்று அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இத்திங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விழைகின்றேன். கணிப்பொறி அறியாதவர்களும் இதனை எளிதிற் பின்பற்றலாம். சொந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இடம் பெயர்வதைப் பற்றிய செய்தி புதியதன்று.

எண்ணும் எண்ணும் ஒன்றே

கணிப்பொறியின் நினைவகம் வரிசையாக எண்ணிடப்பட்ட சிற்றறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையிலும் ஓர் எண் இருக்கும். அவ்வெண் கூட்ட வேண்டிய தொகையாக இருக்கலாம். ‘இவ்வறையில் உள்ளதைக் கூட்டுக’ என்னும் கட்டளையாகவும் இருக்கலாம். பொறியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் வெறுந்தொகை இருந்தாலும், அதனையும் கட்டளையென்றே கொண்டு பொறி இயங்கும். விளைவு குழப்பந்தான்.

ஆதலின், ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்றும்போது, எது கட்டளை, எது தொகை, எந்த அறையில் தொடங்குவது என்பவற்றை யாரேனும் பொறிக்குச் சொல்லியாக வேண்டும். அச்செய்திகளை நிரலோடு சேர்த்து எழுதிவைக்கும் ஒழுங்குமுறையையே ‘கோப்பு வடிவம்’ என்கிறோம். கணிப்பொறித் துறையில் இதனைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் இவ்வொழுங்கு இல்லையெனில் நம் கையிலுள்ள தொலைபேசி முதலாக எந்தப் பொறியிலும் ஒரு நிரலும் இயங்காது.

கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர்

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘எட்சாக்’ என்னும் கணிப்பொறி தன் முதற் கணக்கைச் செய்து முடித்தது. எண்களின் வர்க்கப் பட்டியல் ஒன்றை அது அச்சிட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். நிரல்களை ஐந்து துளை வரிசை கொண்ட காகித நாடாவில் துளையிட்டுப் பொறிக்கு ஊட்டினார்கள். அந்நாடாவைப் படித்து நினைவகத்தில் ஏற்றும் வேலையை 31 கட்டளைகள் கொண்ட ஒரு சிறு தொகுதி செய்தது. அதனை எழுதியவர் டேவிட் வீலர் என்னும் ஆராய்ச்சி மாணவர். அப்போது அவருக்கு வயது 22.

சில வாரங்களிலேயே ஓர் உண்மை புலனாயிற்று. நிரல் எழுதுவது எளிது, பிழையின்றி எழுதுவது அரிது. தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்பதை அந்நாளில் உணர்ந்ததாக வில்க்ஸ் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இதற்கு அவர்கள் கண்ட மருந்து, ஒருமுறை சோதித்துத் தேறிய சிறு நிரல்களைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. வர்க்கமூலம் காண ஒரு நாடா, எண்களை அச்சிட ஒரு நாடா என இவ்வாறு ஒரு நாடா நூலகமே உருவாயிற்று. 1951இல் அந்நூலகத்தில் 87 துணை நிரல்கள் இருந்தன.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. அதனை விளக்க நமக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன்.

ஊரில் ஒரு குடும்பத்தார் திருமணத்துக்குக் குறிப்பு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘சமையற் பாத்திரங்கள் 3ஆம் அறை; மணமகள் 5ஆம் அறை; பாயசத்துக்கு அரிசி 5 படி’ என்று அதில் எழுதியிருக்கிறது. திருமணம் நடக்கும் ஊருக்கு வந்தால், சத்திரத்தின் முதல் நாற்பது அறைகளில் வேறொரு கூட்டத்தார் தங்கியிருக்கிறார்கள். இவர்களுக்குக் கிடைப்பவை 41ஆம் அறை முதலானவை. குறிப்பைத் திருத்த வேண்டும். பாத்திரங்கள் 43ஆம் அறைக்கும், மணமகள் 45ஆம் அறைக்கும் செல்ல வேண்டும். ஆனால் அரிசி 5 படி, 45 படி ஆகிவிடலாகாது!

மனிதனுக்கு இது நகைப்புக்குரியது. பொறிக்கோ அறையைக் குறிக்கும் ஐந்தும், அரிசியைக் குறிக்கும் ஐந்தும் வேறுபாடின்றித் தோன்றும். நாடா நூலகத்திலிருந்து எடுத்த துணை நிரல் இன்று 60ஆம் அறையிலும் நாளை 200ஆம் அறையிலும் ஏற்றப்படலாம். ஒவ்வொரு முறையும் அறை எண்களை மனிதர் கையால் திருத்தி மீண்டும் துளையிடுவதாயின், நூலகத்தால் பயனென்ன? திருத்தும்போது புதிய பிழைகள் புகுமன்றோ?

அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே வீலர் இதற்கு விடை கண்டார். ஏற்றும் தொகுதியைத் திருத்தி, 41 கட்டளைகளில் அமைத்தார். நிரலில் ஒவ்வொரு கட்டளையின் ஈற்றிலும் ஒரு குறியெழுத்து இட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ‘5’ என்னும் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்ற எழுத்து இருப்பின், அவ்வெண்ணைத் தொடாதே என்பது பொருள். ‘தீட்டா’ என்னும் கிரேக்க எழுத்து இருப்பின், இந்நிரல் எந்த அறையில் தொடங்குகிறதோ அதன் எண்ணை இதனோடு கூட்டிக்கொள் என்பது பொருள். நாடா உள்ளே செல்லச் செல்லப் பொறியே திருத்தத்தைச் செய்துவிடும். மனிதன் கை வைக்க வேண்டியதில்லை.

இடத்தைச் சார்ந்தது எது, எவ்விடத்தும் மாறாதது எது என்பதைப் புறப்படும் இடத்திலேயே குறித்து அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்த இடத்தில் அதனைக் கண்டறிய வழியில்லை. பிற்காலத்தில் தோன்றிய எல்லாக் கோப்பு வடிவங்களுக்கும் அடிப்படை இந்தக் கருத்தேயாகும்.

அட்டைக் கட்டுகளின் காலம்

அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறிகள் பெருகின. அவற்றில் நாடாவுக்குப் பதிலாக 80 பத்திகள் கொண்ட துளையட்டைகள் வழங்கின. 1957இல் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவான ‘ஃபோர்ட்ரான்’ மொழி, ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்கு வந்தது. தொடக்கத்தில் நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும் முழுவதையும் மீண்டும் மொழிமாற்ற வேண்டியிருந்தது. 1958இல் வெளிவந்த இரண்டாம் ஃபோர்ட்ரான், நிரலின் பகுதிகளைத் தனித்தனியே மாற்றி, பின்னர் இணைத்துக்கொள்ள வழி செய்தது. தனியே மாற்றப்பட்டு, இணைப்புக்குக் காத்திருக்கும் அப்பகுதியையே ‘ஆப்ஜெக்ட்’ என்னும் பெயரால் வழங்கினர்.

அதே 704 பொறிக்காக யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் எழுதிய மொழிமாற்றியில் ‘பி.எஸ்.எஸ்.’ என்றொரு கட்டளை இருந்தது. ‘இவ்விடத்தில் இத்தனை அறைகளை ஒதுக்கி வை, உள்ளே இடுவதற்கு இப்போது ஒன்றுமில்லை’ என்பது அதன் பொருள். திருமணத்துக்குச் செல்வோர் வெறும் அண்டாக்களை ஊரிலிருந்து சுமந்து செல்வதில்லை. ‘நான்கு அண்டா வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அதுபோல, வெற்றறைகளைக் கோப்பில் சுமக்காமல், அவற்றின் அளவை மட்டும் எழுதுவது இம்முறை. அந்தப் பொறிகள் மறைந்து நெடுங்காலமாயிற்று. ‘பி.எஸ்.எஸ்.’ என்னும் மூன்றெழுத்து இன்றைய லினக்ஸ் கோப்புகளிலும் அதே பொருளில் வழங்குகிறது.

1964ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐ.பி.எம். தன் ‘சிஸ்டம் 360’ பொறிக்குடும்பத்தை அறிவித்தது. அதன் ஆப்ஜெக்ட் அட்டைக் கட்டில் நால்வகை அட்டைகள் இன்றியமையாதவை. ஒவ்வொன்றிலும் மூன்றெழுத்துப் பெயர் துளையிடப்பட்டிருக்கும். ‘ஈ.எஸ்.டி.’ என்பது பெயர்ப் பட்டியல். என்னிடம் உள்ள பெயர்கள் இவை, நான் வெளியில் தேடும் பெயர்கள் இவை என்று அது சொல்லும். ‘டி.எக்ஸ்.டி.’ என்பது சரக்கு. கட்டளைகளும் தொகைகளும் அட்டைக்கு 56 பைட்டுகள் வரை அதில் இருக்கும். ‘ஆர்.எல்.டி.’ என்பது திருத்தப் பட்டியல்; எந்தெந்த அறைகளில் உள்ள எண்களை இடத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதை அது கூறும். வீலரின் தீட்டா எழுத்து இங்கே தனிப் பட்டியலாக வளர்ந்துவிட்டது. இறுதியில் ‘எண்ட்’ என்னும் முடிவட்டை.

அட்டைக் கட்டு கை தவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்காகவே 73 முதல் 80 வரையுள்ள பத்திகள் வரிசை எண்ணுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்வெண்ணைக் கொண்டு பிரிக்கும் பொறியில் அட்டைகளை மீண்டும் ஒழுங்குபடுத்தலாம். சிலர் கட்டின் மேல்விளிம்பில் மையால் குறுக்காக ஒரு சாய்கோடு இழுத்து வைப்பர்; கோடு உடைந்திருந்தால் வரிசை கலைந்தது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் இவ்வட்டைக் கட்டுகளைச் சுமந்தவர்கள் உண்டு. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 பொறி வந்தது. மாணவர் தம் ஃபோர்ட்ரான் அட்டைகளைக் கொடுக்க, பொறி அவற்றைப் படித்து ஆப்ஜெக்ட் அட்டைகளைத் துளையிட்டுத் தரும். அவற்றைத் துணை நிரல் அட்டைகளோடு சேர்த்து மீண்டும் ஊட்டினால் விடை வரும். அங்கே அக்காலத்தில் பாடம் கற்பித்து, நாடெங்கும் மாணவர்கள் பயின்ற கணிப்பொறி நூல்களை எழுதிய பேராசிரியர் வி. ராஜாராமன், புதுடில்லியில் அந்நாளில் ‘மதராசி எஜுகேஷன் அசோசியேஷன்’ நடத்திய பள்ளியில் படித்தவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

0407 என்னும் எண்

இனி, அப்பெண்ணின் வினாவுக்கு வருவோம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ப்சன், பி.டி.பி.-7 என்னும் சிறு பொறியில் ‘யூனிக்ஸ்’ என்னும் இயங்குமுறையை எழுதத் தொடங்கினார். அவர் எழுதிய மொழிமாற்றிக்கு ‘அசெம்ப்ளர்’ என்று பெயர். இணைப்பு நிரல் அப்போது இல்லை. முழு நிரலையும் ஒருங்கே கொடுத்தால், மாற்றம் முடிந்தவுடன் விளையும் கோப்பு ஒரே நிலையான பெயரில் வந்து நிற்கும். அசெம்ப்ளரின் முதலெழுத்தாகிய ‘ஏ’, வெளியீடு என்பதைக் குறிக்கும் ‘அவுட்’ ஆகிய இரண்டும் சேர்ந்து ‘ஏ.அவுட்’ ஆயிற்று. பின்னர் இணைப்பு நிரல் வந்தது. விரும்பிய பெயரைச் சூட்டும் வசதியும் வந்தது. ஆயினும் பெயர் சொல்லாமல் விட்டால் பழைய பெயரே வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். இவ்வரலாற்றைத் தாம்ப்சனின் தோழரும் சி மொழியை உருவாக்கியவருமான டென்னிஸ் ரிச்சியே எழுதிவைத்திருக்கிறார்.

யூனிக்ஸ் பின்னர் பி.டி.பி.-11 என்னும் பொறிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஏ.அவுட் கோப்பின் தொடக்கத்தில் எட்டு எண்கள் கொண்ட ஒரு முகப்பு அமைந்தது. கட்டளைகளின் அளவு, தொகைகளின் அளவு, வெற்றறைகளின் அளவு, பெயர்ப் பட்டியலின் அளவு முதலியவை அதில் இருந்தன. முகப்பின் முதல் எண் 0407. இதனைக் கண்டால்தான் ‘இது இயங்கத்தக்க கோப்பு’ என்று யூனிக்ஸ் ஏற்கும். கண்ணில்லாக் காவலனுக்குச் சொல்லும் இரகசியச் சொல் போன்றது அது. ‘மந்திர எண்’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று.

அந்த எண்ணை ஏன் தேர்ந்தார்கள்? எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்ட அவ்வெண், பி.டி.பி.-11 பொறிக்கு ஒரு கட்டளை. 0400 என்பது ‘முன்னோக்கித் தாண்டுக’ என்பதைக் குறிக்கும். ஈற்றிலுள்ள 7, எத்தனை இடம் தாண்டுவது என்பதைச் சொல்லும். தொடக்க காலத்தில் கோப்பை முகப்போடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றி, முதல் அறையிலிருந்து இயக்கினார்கள். முகப்பு கட்டளையன்று, அதனைப் பொறி இயக்க முற்பட்டால் கேடு விளையும். ஆகவே முதல் அறையிலேயே ‘ஏழிடம் தாண்டுக’ என்று எழுதினார்கள். படித்த அறை ஒன்று, தாண்டிய அறைகள் ஏழு. ஆக எட்டும் கழிந்து, பொறி நேரே உண்மையான கட்டளைக்கு வந்து சேரும். பிற்காலத்தில் முகப்பை நீக்கிவிட்டு ஏற்றும் முறை வந்தது. தாண்ட வேண்டிய தேவை மறைந்தது. 0407 மட்டும் அடையாளமாக நிலைத்துவிட்டது.

தலைப்பெழுத்துகள்

நுண்கணினிகளின் காலத்தில் தொடக்க அறிவு சற்றே மறக்கப்பட்டது எனலாம். கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய ‘சி.பி.எம்.’ இயங்குமுறையிலும், அதனை ஒட்டி வந்த ‘டாஸ்’ முறையிலும் ‘காம்’ என்னும் வகைக் கோப்புகள் இருந்தன. அவற்றுக்கு முகப்பு இல்லை. அடையாள எண் இல்லை. திருத்தப் பட்டியலும் இல்லை. உள்ளதை உள்ளவாறே 256ஆம் இடத்திலிருந்து ஏற்றி இயக்குவார்கள். எளிமை பெரிதுதான். ஆயினும், ஒரு கடிதத்துக்குத் தவறுதலாக அவ்வகைப் பெயர் அமைந்துவிட்டால், கடிதத்தின் எழுத்துகளையே கட்டளைகளாகக் கொண்டு பொறி இயங்க முற்படும். 64 கிலோபைட்டுக்கு மேல் வளரவும் அவ்வடிவத்தில் இடமில்லை.

பெரிய நிரல்களுக்காக டாஸில் ‘எக்ஸி’ என்னும் வடிவம் அமைந்தது. அதில் முகப்பும் திருத்தப் பட்டியலும் இருந்தன. அடையாளத்துக்காக முதலிரண்டு இடங்களில் ‘எம்’, ‘இசட்’ என்னும் எழுத்துகளை வைத்தனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவரின் தலைப்பெழுத்துகள் அவை. 1993இல் விண்டோஸ் என்.டி.யோடு புதிய வடிவம் ஒன்று வந்தது. ஆயினும் பழைய முகப்பு முன்னே நிற்கிறது. அதனுள் 60ஆம் இடத்தில், ‘உண்மையான முகப்பு அங்கே இருக்கிறது’ என்று வழிகாட்டும் ஓர் எண் உள்ளது. இன்றைய விண்டோஸ் நிரல் எதனைத் திறந்து பார்த்தாலும் முதலில் நிற்பவை அவ்விரண்டு எழுத்துகளே. தந்தையின் பெயரையும் ஊரின் பெயரையும் ஓரெழுத்தாய்ச் சுருக்கித் தம் பெயர்முன் சூடிக்கொள்ளும் நமக்கு இது வியப்பளிக்காது.

யூனிக்ஸ் உலகிலும் ஏ.அவுட் வடிவம் போதாமற் போயிற்று. 1980களின் இறுதியில் ‘எல்ஃப்’ என்னும் வடிவம் உருவாயிற்று. 1990களின் நடுவில் லினக்ஸ் அதனை ஏற்றது. அதன் முதல் நான்கு இடங்களில் 127 என்னும் எண்ணும், ஈ, எல், எஃப் என்னும் எழுத்துகளும் உள்ளன. 127 என்பது காகித நாடாவில் ஏழு துளைகளும் ஒருங்கே இட்டு, பிழையான எழுத்தை அழிப்பதற்கு வழங்கிய குறி. 2022ஆம் ஆண்டில் லினக்ஸ் தன் கருவிலிருந்து பழைய ஏ.அவுட் வடிவத்தை முற்றிலும் நீக்கிவிட்டது.

எழுதி வைத்ததன் பயன்

எட்சாக் பொறியை 1958ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஆயினும் அதற்கென எழுதிய நிரல்கள் இன்றும் இயங்குகின்றன! வார்விக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்ட்டின் கேம்ப்பெல்-கெல்லி, எட்சாக்கைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை எழுதினார். அதனை நம் மேசைக் கணினியில் வைத்து, வீலரின் தீட்டா எழுத்து தன் வேலையைச் செய்வதைக் காணலாம். இதற்கு வழி செய்தது எது? வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951இல் தம் முறைகளையெல்லாம் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு குறியின் பொருளை எழுதாமல் விட்டிருந்தால், நாடாவிலுள்ள துளைகள் வெறுந்துளைகளாகவே நின்றிருக்கும்.

இவற்றையெல்லாம் கேட்ட அப்பெண், அங்கேயே தன் கோப்பைத் திறந்து முதல் நான்கு இடங்களைப் பார்த்தாள். 127, ஈ, எல், எஃப் என்று இருந்தன. "மாமா, வீட்டுக்குள்ளே குடியிருப்பவர் வேறு ஆள். வாசற்பலகையில் மட்டும் பழைய பெயர்!" என்று சிரித்தாள். அவள் சொன்னது முற்றிலும் சரி.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஓர் எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. புதிய ஊருக்கு வரும்போது நாமும் பலவற்றை மாற்றிக்கொள்கிறோம்; முகவரி மாறுகிறது, உணவு மாறுகிறது, கடைத்தெருவில் பேசும் மொழியும் மாறுகிறது. அவை மாற வேண்டியவையே. மாறாமல் காக்க வேண்டியவை எவை என்பதை நம் பிள்ளைகளுக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறோமா? அன்றி, ‘அது அப்படித்தான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கின்றோமா? அப்பெண் கேட்டது கணினிக் கேள்வி. நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் மற்றக் கேள்விகளுக்கும் காரணத்தோடு விடை சொல்வது நம் கடமையன்றோ?

அடுத்த திங்கள், காகித நாடாவிலும் துளையட்டையிலும் எழுத்துகளை எவ்வாறு எண்களாக்கினார்கள் என்பதைக் காண்போம். இத்தகைய வினாக்கள் உள்ள இளைஞர்கள் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், இப்பகுதியில் விடை அளிக்கப்படும்.